முதலில் நீ குடி

கண்ணால் பார்த்ததையே பாதிதான் நம்புகிறவன் நான். 1930களில் தேயிலைக் கம்பெனி வண்டி ஒன்று எங்கள் மயிலாப்பூர் தெருமுனைக்கு வந்து, தம்ளர் தம்ளராக டீயை இனாமாக ஊற்றி, போகும்போது ஒரு பொட்டலமும் கொடுத்தது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ஆனாலும் இனாமை விட மனமில்லை. வாங்கிவந்து, பிரிக்காமல் பரண்மேல் போட்டேன்.

அந்த ஆடியில் என் மனைவிக்கு வயிற்றுப்போக்கு. சுண்டைவற்றல் பொடி, மாதுளம் ஓடு, டாக்டர் கொடுத்த மிக்ஸ்சர், எதற்கும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் அவளால் எழுந்து உட்காரவும் முடியவில்லை. பயத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வாசலுக்கு வந்த மீன்காரம்மா விஷயத்தைக் கேட்டாள்.

"தேயிலத் தண்ணி குடு நைனா. பால் ஊத்தாத, எலுமிச்சம்பயம் புயிஞ்சு குடு. எங்க குப்பத்துல அதான் மருந்து."

மருந்து என்றால் எங்கள் வீட்டில் கஷாயம்தான். பொட்டலம் முழுவதையும் கொட்டி, ஒரு செம்புத் தண்ணீர் அரைக்கால் செம்பாகச் சுண்டும்வரை காய்ச்சினேன். தார் மாதிரி வந்தது. மீன்காரம்மா விஷத்தைச் சொல்லியிருந்தால்? முதலில் நானே பாதியைக் குடித்தேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினேன்.

மறுநாள் அவள் கூடையை இறக்குமுன்பே சீறினேன்.

"கசாயமா காச்சினியா?" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு சிட்டிகை போட்டு, மூடி வச்சு எறக்கணும் நைனா."

தன் வீட்டுக்கென்று வாங்கியிருந்த தேயிலையை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து, எங்கள் கொல்லை அடுப்பில் அவளே டீ போட்டாள்.

"முதலில் நீ குடி" என்றேன்.

அவள் முகம் வாடியது. பாதியைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள். நான் வேறு தம்ளர் எடுக்கத் திரும்புவதற்குள், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த என் மனைவி அதே தம்ளரை எடுத்து மிச்சத்தைக் குடித்தாள்.

"நீங்க சோதிச்சு முடிக்கிறதுக்குள்ள என் உசுரு போயிடும்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் வயிறு கட்டியது. இரண்டு நாளில் எழுந்து சோறு வடித்தாள். மீன்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெட்கக்கேடு, இன்றும் உறுத்துகிறது.

என் மனைவி அதை மறக்கவும் விடவில்லை. அன்றுமுதல் எனக்குக் காபி கொடுக்கும்போதெல்லாம், என் கண்ணெதிரே ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் தம்ளரை நீட்டினாள்.