முடிச்சக்காவின் நீலப்பூ

தையல்காரியை எல்லோரும் முடிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தைக்க வந்த துணியை யாராவது மாற்றிவிடுவார்களோ என்று ஒவ்வொன்றின் உள்மடிப்பிலும் பச்சை நைலான் நூலால் முடிச்சுப் போட்டு வைப்பாள். அந்த முடிச்சைப் போடவும் அவிழ்க்கவும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். கட்டின புருஷன் சட்டைக்கும் முடிச்சு உண்டென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

மாடியில் மூத்த ஓரகத்தி குடும்பம், கீழே இவள் குடும்பம். இரண்டு பேரும் சேர்ந்துபோய், பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியாச் செடி ஆளுக்கொரு தொட்டி வாங்கினார்கள்.

"குளிர்ப் பக்கத்துச் செடிம்மா. நம்ம வெயிலுக்கு இந்தப் பெரிய இலை ரகம்தான் தாங்கும். காலை வெயில் போதும், மத்தியானம் நிழல்ல வைங்க" என்றார் செடிக்கடைக்காரர்.

"நிழல்ல வச்சா எப்படிப் பூக்கும்? செத்தா இன்னொண்ணு வாங்க வருவோம்னு பாக்குறீரா?" என்று மடக்கினாள் முடிச்சக்கா.

அவர் மேலும் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். இவள் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மண்ணை விலக்கி, தன் செடியின் அடித்தண்டில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டாள்.

முதல் வருஷம் இரண்டும் நீலமாகப் பூத்தன. மறு வருஷம் மாடியில் நீலம், கீழே ரோஸ்.

இவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? ஓரகத்திதானே! தொட்டியை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்கே பேச்சை நிறுத்தினாள். மாடியில் யாராவது சிரித்தால்கூடத் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்தாள். கடைசியில் வேறு வீடு பார்க்கச் சொல்லிப் புருஷனை உலுக்கியெடுத்து, துணிமூட்டைகளையும் கட்டிவிட்டாள்.

கிளம்புமுன் திருட்டை நிரூபிக்காவிட்டால் மனசு ஆறுமா? விறுவிறுவென்று மாடியேறினாள்.

"தள்ளுக்கா. இது என் செடின்னு காட்டுறேன்."

ஓரகத்தி இடுப்பில் கை வைத்து நின்றாள். "தோண்டுடி, நல்லாத் தோண்டு."

வேர்வரை தோண்டியும் நூலைக் காணோம். கீழே வந்து தன் தொட்டியைக் கிளறினாள். முடிச்சு அப்படியே இருந்தது. சுற்றிலும் மண் வெள்ளை வெளேரென்றிருந்தது.

பின்னாலேயே இறங்கி வந்த ஓரகத்தி குனிந்து பார்த்தாள். "இதென்னடி மாவு?"

"சுண்ணாம்புத் தூள். உன் வீட்டு எறும்பு இறங்கி வருதேன்னு வாராவாரம் போட்டேன்."

"அடிப்பாவி! சுண்ணாம்பு பட்டா நீலம் ரோஸாயிடும்னு அந்த மனுஷன் தொண்டை வத்தச் சொன்னாரே! நீ அப்ப அவர்கிட்ட மல்லுக்கு நின்னுக்கிட்டிருந்தே."

முடிச்சக்கா மண்ணை மெல்ல மூடினாள்.

"இருந்தாலும் எறும்பு உன் வீட்டுதுதான்க்கா."

"ஆமாடி, நான்தான் வளர்த்து அனுப்புறேன்."

சாயங்காலம் புருஷன் துணிமூட்டைகளைத் திரும்பப் பிரிக்க மல்லாடிக்கொண்டிருந்தார். ஒரு முடிச்சையும் அவிழ்க்க முடியவில்லை. "நகருங்க" என்று சொல்லி அவளே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.