மரக்காணம் கடலில் எங்கள் கிணற்றுக் கயிறு

இந்த யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரி போட்டு ஓடும் பஸ்ஸில், செஞ்சியிலிருந்து மரக்காணம் கடலுக்கு இன்று நானும் என் மனைவி அஞ்சலையும் போய் வந்தோம்.

புளிசோறு என்று நினைத்து வழியெல்லாம் நான் மடியில் வைத்துக் காத்த பைக்குள் இருந்தது எங்கள் வீட்டுக் கிணற்றுக் கயிறு.

எங்கள் ஊர்க் கிணறுகளில் நீச்சல் பழகும் பிள்ளைகளுக்கு இடுப்பில் கயிறு கட்டி, மேலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்வார். நானோ கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிக்கிறவன். எனக்கா கயிறு?

"கடலுக்குப் படிக்கட்டு இருக்குதா இன்னா? சும்மா நில்லுங்க" என்று கரையில் வைத்தே அஞ்சலை ஒரு முனையை என் இடுப்பில் கட்டினாள். மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். அவளுக்கு நீச்சலே தெரியாது.

ஆளில்லாத அந்தக் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் பதறிவிட்டார்.

"இன்னாம்மா இது? அலை அவர இழுத்தா நீயும் சேந்து போயிடுவியே!"

"அது அவருக்கும் தெரியுமில்ல? அதுக்குத்தான் கட்டியிருக்கேன்."

முழங்கால் தண்ணீரைத் தாண்டி நான் ஓர் அடிகூட வைக்கவில்லை.

மனைவியோடு கடலுக்குப் போன நண்பர்களே, நீங்கள் எவ்வளவு தூரம் நீந்தினீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.