கேரம் காய் ஆட்டோ

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போக ஆப்பில் புக் செய்த ஆட்டோ கல்மண்டபத்தில் என் முன்னால் வந்து நிற்கிறது. கூரையிலிருந்து மட்கார்டு வரை கேரம் காய்கள், கறுப்பும் வெள்ளையுமாக, இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கின்றன. விளக்குக்கு மேலே ஒரே ஒரு சிவப்புக் காய்.

ஏறப்போகிறேன். டிரைவரின் போன் கத்துகிறது. அவர் சீட்டுக்கடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, நம்பர் பிளேட் மட்டும் தெரிகிற மாதிரி வண்டியைப் போர்த்தி, போட்டோ எடுத்து அனுப்புகிறார்.

"எதுக்குண்ணே துணி?"

"ஆப்பு தெனம் வண்டி போட்டோ கேக்கும் சார். காயோட அனுப்புனா, இது ஆட்டோவே இல்லன்னு சவாரிய நிறுத்திடுது. மூணு நாளு வூட்ல குந்திகினு கெடந்தேன்."

"காயை எடுத்துடலாமே?"

"இன்னா சார் நீ! ஒவ்வொன்னும் நான் ஜெயிச்ச கேமு."

துணியை மடித்துவிட்டு வண்டியை எடுக்கிறார். சிக்னலில் டிரெய்லர் லாரிக்காரர் ஒருவர் தலையை நீட்டி வேடிக்கை பார்க்கிறார். அவருக்கு இது ஆட்டோ என்று தெரிகிறது.

நான் இறங்கும்போது டிரைவர் குரலைத் தணிக்கிறார். "ஸ்டாரு எவ்ளோ வேணா குடு சார். வண்டி சூப்பரா கீதுன்னு மட்டும் எழுதிடாத. ஆப்பு அதையும் படிக்கும்."

ஐந்து ஸ்டார் போடுகிறேன். கீழே உள்ள கட்டத்தில், மனசாட்சியை விட்டுவிட்டு எழுதுகிறேன்: 'சாதாரண மஞ்சள் ஆட்டோ.'