இடது பக்கம் கேட்காத ஐந்து மாடல்கள்

ஒரு ஹெட்போன் வாங்குவதற்காக நான் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு ஏழு தடவை போயிருக்கிறேன். எனக்குப் பெண் பார்க்க ஒரே ஒரு தடவைதான் போனேன். அதிலும் பாதி நேரம் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரமாவது வருஷம். எனக்கு முப்பத்தெட்டு வயது. பீன்யாவில் பதினைந்து வருஷம் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. அங்கே பிரஸ் ஷாப்பில் இன்ஸ்பெக்டர் நான். தொப்பி, லத்தி எல்லாம் கிடையாது. மெஷின் தகட்டை வெட்டித் தள்ளுகிற பீஸை கேஜ் என்கிற அளவுக்கருவியில் வைத்து அளந்து, ‘ஓகே’, ‘ரிஜெக்ட்’ என்று எழுதுகிறவன், அவ்வளவுதான்.

வேறு தொழிற்சாலைகளில் முப்பதைத் தாண்டியவன் வேண்டாம் என்றார்கள். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, ஒரு பேக்கரி மாடியில் இருந்த மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் நிலையத்தில் மட்டும் வயதே கேட்கவில்லை. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வதை இங்கே உட்கார்ந்து கேட்டு டைப் அடித்து அனுப்பும் வேலை. டைப்ரைட்டிங்கில் நான் ஹையர் பாஸ். மூன்று மாதப் பயிற்சி, கடைசியில் ஒரு டெஸ்ட். பாஸானால் அங்கேயே வேலை. பெயிலானால் ஓசூரில் என் மச்சானின் பெயின்ட் கடை. “மாப்ள, உங்களுக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டு வெச்சிருக்கேன்” என்று மச்சான் மூன்று தடவை போன் செய்துவிட்டார். மனிதர் நல்லவர். அந்த ஸ்டூல்தான் என் கனவில் வந்துகொண்டிருந்தது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் வயதில் பாதி இருக்கும். டெஸ்ட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நான் அடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சார், இந்தப் பேஷன்டுக்கு டாக்டர் பதினஞ்சு மில்லிகிராம் குடுத்திருக்காரு. நீங்க அம்பது குடுத்திருக்கீங்க.”

“கம்மியா குடுத்தா குணமாகாதேன்னு…”

“நல்ல மனசு சார் உங்களுக்கு. ஆனா டெஸ்ட்ல இப்படிக் குடுத்தீங்கன்னா பெயிலு. இங்க இருக்கிற ஹெட்போன் எல்லாம் பழசு. சொந்தமா ஒண்ணு வாங்கிக்குங்க. நாங்க எல்லாம் இந்தக் கம்பெனிதான் வெச்சிருக்கோம். மாடல் உங்க இஷ்டம்.”

கம்பெனியை அவளே சொல்லிவிட்டாள். மாடலையும் சொல்லியிருக்கலாம். என் இஷ்டத்துக்கு விட்ட எந்தக் காரியமும் இதுவரை உருப்பட்டதில்லை.

எஸ்.பி. ரோட்டில் இருந்த கடை இரண்டு ஆள் அகலம். கடைக்காரர் என் வயதுக்காரர், கன்னடம் கலந்த தமிழ். எல்லாரும் அவரை பாய் என்றார்கள், நானும் பாய் என்றேன். அந்தக் கம்பெனி பெயரைச் சொன்னதும் எட்டு டப்பாக்களை எடுத்து வரிசையாக அடுக்கினார். நூற்றுப்பத்து, நூற்றுப்பத்து எஸ், நூற்றிருபது, அப்புறம் இருநூறு வரிசையில் ஐந்து.

“நூத்திப்பத்துக்கும் நூத்திப்பத்து எஸ்ஸுக்கும் என்ன பாய் வித்தியாசம்?”

“எஸ் தான் சார்.”

“அது தெரியுது. சத்தத்துல?”

“சத்தம் உங்களது சார். நம்மளது டப்பா மட்டும்.”

நூற்றுப்பத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பயிற்சி டேப்பைப் போட்டேன். வலது பக்கம் டாக்டர் தெளிவாகப் பேசினார். இடது பக்கம் அதே டாக்டர் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு பேசினார். மறுநாள் போய் மாற்றினேன். நூற்றுப்பத்து எஸ்ஸிலும் கம்பளி. நூற்றிருபதில் கம்பளி, மேலே ஒரு தலையணை.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் வேறு கம்பெனிக்குப் போயிருப்பான். நான் இன்ஸ்பெக்டர். கிராஃப் தாளில் கட்டம் போட்டேன். எடை, வயர் நீளம், பஞ்சின் மென்மை, இடது, வலது. ஒவ்வொரு மாடலையும் வாங்கிவந்து, கேட்டு, எழுதி, டப்பா கசங்காமல் திருப்பிக் கொடுத்தேன். பாயும் முகம் சுளிக்காமல் மாற்றிக்கொடுத்தார். ஐந்தாவது மாடலையும் திருப்பிக் கொண்டுபோனபோதுதான் கையிலிருந்த தாளைப் பார்க்கவேண்டும் என்றார்.

“இன்னா சார் இது, அஞ்சுக்கும் லெஃப்ட்ல ரிஜெக்ட்டுன்னு போட்டுருக்கீங்க?”

“அஞ்சுலயும் லெஃப்ட் சரியில்ல பாய். கம்பெனிக்கு எழுதிப் போடுங்க.”

“எழுதலாம் சார். அதுக்கு முன்னாடி ஸ்வல்ப இப்படிப் பாருங்க.” டப்பாவிலிருந்து ஹெட்போனை எடுத்து, வலம் இடமாகத் திருப்பி என் தலையில் மாட்டினார். இப்போது நல்ல பக்கம் என் இடது காதில். டேப்பை ஓட்டினார்.

கம்பளி இடது காதிலேயே இருந்தது.

“சும்னே சொல்லல சார். டாக்டரண்ட காட்டுங்க” என்றார், மிகவும் மெதுவாக. அதை வலது காதால் கேட்டேன்.

ஐந்து பீஸ் ஒரே பக்கத்தில் ரிஜெக்ட் ஆனால் பீஸைத் தொடாதே, முதலில் கேஜைப் பார் என்று பதினைந்து வருஷம் நான் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இங்கே கேஜ் என் தலையின் இரண்டு பக்கமும் ஒட்டியிருந்ததால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அன்று பஸ்ஸில் வரும்போதே எனக்குச் செவிடு உறுதியாகிவிட்டது. பிரஸ் ஷாப் சத்தம் காதைத் தின்றுவிட்டது என்று ரிட்டயர் ஆனவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போது நன்றாகவே கேட்டது. வீட்டுக்கு வந்து கைக்கடிகாரத்தை இடது காதில் வைத்துப் பார்த்தேன். ஓடவில்லை. வலது காதில் வைத்தேன். ஓடியது. அந்த ஒரு மாலையில் கடிகாரம் முப்பது தடவையாவது நின்று ஓடியிருக்கும். மனைவி பேசும்போது அவள் உதட்டைப் பார்த்துப் பழக ஆரம்பித்தேன், பிற்காலத்துக்கு உதவும் என்று.

“ஏங்க, என் பல்லுல என்ன ஒட்டியிருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“ரெண்டு நாளா வாயையே பாக்கறீங்க. கடிகாரத்துக்கு வேற முத்தம் குடுத்துட்டு இருக்கீங்க. என்னன்னு சொல்லப்போறீங்களா, எங்க அண்ணனுக்கு போன் போடட்டுமா?”

சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அழவில்லை. டெஸ்ட்டுக்கு ஒன்பது நாள் இருக்கிறது, நாளைக்கு டாக்டரிடம் காட்டினால் எட்டு நாள் மிச்சம் என்று கழித்துச் சொன்னாள்.

காது டாக்டர் வயதானவர். குழலை வைத்து இடது காதுக்குள் வெகுநேரம் பார்த்தார். நான் மனதுக்குள் ஓசூர் ஸ்டூலில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தேன்.

“எங்க வேல பாத்தீங்க?”

“பீன்யா சார். பிரஸ் ஷாப்பு.”

“அதானே பாத்தேன்.” நீளமான இடுக்கியை உள்ளே விட்டார். ஏதோ உருவிக்கொண்டு வந்தது. தட்டில் போட்டார். கறுத்து, எண்ணெயேறி, பருப்பு அளவில் ஒரு உருண்டை. “இது என்ன, பார்சலா?”

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எங்கள் தொழிற்சாலையில் காது மூடிகள் பீரோவில் பத்திரமாக இருக்கும். சர்க்கார் ஆட்கள் சோதனைக்கு வந்தால் வெளியே வரும், போனதும் உள்ளே போகும். அதனால் மெஷின் துடைக்கிற வேஸ்ட் பஞ்சைக் கிள்ளி, உருட்டி, எண்ணெய் தொட்டு எல்லாரும் காதில் வைத்துக்கொள்வோம். சங்கு ஊதியதும் எடுத்து எறிவோம். கடைசி நாள் சங்கு ஊதவில்லை. மத்தியானம் ரெண்டு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எல்லாரையும் வாசல் கேட்டுக்கு வரச்சொன்னார்கள். மேனேஜர் ஏதோ படித்தார். அதைக் கேட்க வலது பக்கப் பஞ்சை எடுத்தேன். கேட்ட பிறகு இன்னொரு பக்கம் இருப்பது நினைவில் இல்லை.

நாலு மாதமாக அதோடு குளித்து, தூங்கி, இரண்டு கல்யாணங்களுக்குப் போய்வந்திருக்கிறேன்.

“வேணுமா?” என்று தட்டைக் காட்டினார் டாக்டர். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

காதைக் கழுவி, சொட்டு மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்து மெஷினில் சோதித்தார். கீச்சென்ற சத்தங்கள் இரண்டு காதிலும் கொஞ்சம் போயிருக்கின்றன, அவை திரும்ப வராது என்றார். மனுஷன் பேசுவதைக் கேட்கத் தடையில்லை.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் பாய் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து வந்து என் இடது காதுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, எட்டு டப்பாக்களையும் மறுபடி அடுக்கினார். ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டேன். அப்போதுதான் நிஜமான சங்கடம் ஆரம்பித்தது. எட்டிலும் இடது பக்கம் கேட்டது. எட்டும் நன்றாக இருந்தன. எதை ரிஜெக்ட் செய்வது?

“பாய், இதுல எது பெஸ்ட்டு?”

“உங்க தலைய விட்டு வர்றப்போ எதுக்கு மனசு இல்லியோ, அது.”

ஒரு மணி நேரம் கழித்தும் எட்டுக்கும் மனசில்லை. அவரே இருநூற்று நாற்பதைக் கையில் திணித்து, “இத மட்டும் திருப்பிக் கொண்டாந்தீங்கன்னா கடைய மூடிட்டுப் போய்டுவேன் சார்” என்றார்.

டெஸ்ட் காலையில். பேசியவர் வயதான டாக்டர், வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார். நடுவில் இருமினார், யாரிடமோ காபி கேட்டார். காபியையும் அடித்துவிட்டுப் பிறகு அழித்தேன். முடிந்ததும் எல்லாரையும் வெளியே மாடிப்படியில் உட்காரச் சொன்னார்கள். கீழே பேக்கரியில் பன் வேகும் வாசனை. எனக்குப் பசிக்கவில்லை, பயமாக இருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அந்தப் பெண் கதவைத் திறந்து, தாளைப் பார்த்து, என்னைப் பார்த்தாள்.

“சார், நீங்க பாஸு. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க.”

“இன்னொரு தடவ சொல்லும்மா.”

அவள் முகம் மாறிவிட்டது. “ஏன் சார், கேக்கலையா?”

“கேட்டுச்சு” என்றேன்.