கீசரில் மஞ்சள் நெருப்பு

என் மனைவியின் முழங்கால் வலிக்காகத்தான் கேஸ் கீசர் வாங்கினோம். கரண்டில் ஓடுவதை வாங்கினால் ஷாக் அடிக்கும் என்று நான் பயந்தேன். குளியலறைச் சுவரில் பெட்டியை மாட்டி, சிலிண்டரை வெளியே வைத்துக் குழாய் இழுத்துக் கொடுத்தார்கள். தண்ணீரைத் திறந்தால் பெட்டிக்குள் குப்பென்று பற்றிக்கொள்ளும். அதன் சிறிய கண்ணாடித் துளை வழியாக நெருப்பைப் பார்க்கலாம்.

வாங்கியதோடு பயம் விடவில்லை. வாரா வாரம் சோப்பு நுரையை இணைப்புகளில் தடவிக் குமிழி வருகிறதா என்று எண்ணுவேன். ரப்பர் குழாயில் அச்சிட்ட வருடம் முடியும் முன்பே புதியது மாற்றுவேன். படுக்கப் போகும்போது சிலிண்டர் பக்கம் குனிந்து முகர்ந்து பார்ப்பேன். எனக்கிருந்த பயமெல்லாம் கேஸ் கசிவதைப் பற்றியது. நெருப்பு ஒழுங்காக எரிகிறதா என்பது பயப்பட வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் தெரு மலையடிவாரத்தில் இருக்கிறது. குரங்குகள் மாடி மாடியாகத் தாவி வரும். குளியலறையின் மேல் ஜன்னலில் இருந்த ஐந்து கண்ணாடிச் சட்டங்களில் மூன்றை உருவிப் போட்டுவிட்டு, சோப்பையும் தேங்காயெண்ணெய் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு போயின. ஒரு நாள் என் மனைவி குளிக்கும்போதே ஒன்று தலையை உள்ளே நீட்டியது. அன்று மாலையே தச்சரைக் கூப்பிட்டு அந்த ஜன்னலுக்குப் பிளைவுட் பலகை அடித்துவிட்டோம். தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான் அடித்திருக்கிறார்கள்.

அந்த மழைக்காலம் முடிந்தபோது கண்ணாடித் துளையில் நெருப்பின் நிறம் மாறியிருந்தது.

"மின்னாடி நீலமா எரிஞ்சுது, இப்ப மஞ்சளா எரியுதே?" என்றேன்.

"மஞ்சள்னா மங்களம்தானே. வுடுங்க" என்றாள் அவள்.

பெட்டிக்கு மேலே சுவரில் கரி படிய ஆரம்பித்தது. அவள் வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டூல் போட்டு ஏறி நாரால் தேய்த்துக் கழுவினாள். விழுந்துவிடுவாளோ என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கரி எங்கிருந்து வருகிறது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. குளித்து வந்தால் எனக்குத் தலை கனக்கும். காற்றாட வாசலில் உட்கார்ந்தால் தெளிந்துவிடும். ரத்த அழுத்தம் என்று மாத்திரையை மாற்றச் சொல்லி மருந்துக்கடைக்காரரிடம் வாதாடினேன். அவளுக்குக் கிருத்திகை நாளில் தலைவலி அதிகம், அன்று நேரமெடுத்துத் தலைக்குக் குளிப்பாள். விரதத்தால் வருகிறது என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன்.

தை கிருத்திகையன்று அரக்கோணத்திலிருந்து அவள் தங்கை வந்திருந்தாள். முதலில் நான் குளித்தேன். அடுத்துத் தங்கை குளித்துவிட்டு வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, தல கிண்ணுனு இருக்குது. ரயில்ல நின்னுகினே வந்தேன், அதான்."

"வெறும் வயிறு இல்ல? மலையேறி சாமியப் பாத்தா சரியாப் போயிடும்."

"எனக்கும் வலிக்குது" என்றேன்.

"உங்களுக்கு இன்னா விரதமா? நாலு இட்லி உள்ள போயிருக்குது" என்று சொல்லிவிட்டு என் மனைவி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அவள் குளிக்கும் சத்தம் எனக்குப் பழக்கம். முழங்காலுக்கு மட்டும் பத்து மக் ஊற்றுவாள். அன்று ஏழோடு நின்றுவிட்டது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது, பக்கெட் நிரம்பி வழியும் சத்தமும் கேட்டது. நான் கதவைத் தட்டினேன்.

"இன்னா பாவா, குளிக்கிறவங்ககிட்ட கூட கணக்கு கேக்கறீங்க?" என்று தங்கை சிரித்தாள்.

பதில் வரவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். தங்கையின் சிரிப்பு நின்றது. "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டவளின் குரல் கீச்சென்று ஏறியது. கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். என் உடம்பில் அதற்கான பலம் இல்லை. உள்ளே அந்தக் குழாய் மட்டும் கூசாமல் ஓடிக்கொண்டிருந்தது.

தங்கை தெருவுக்கு ஓடிக் கத்தினாள். எதிர்வீட்டில் பவர்லூம் ஓட்டுகிறவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"தள்ளு நைனா!" என்று என்னை விலக்கிவிட்டு இரண்டு உதை விட்டார். தாழ்ப்பாள் பிய்ந்தது.

அவள் சுவரோரம் மடங்கிக் கிடந்தாள், கண் பாதி திறந்திருந்தது. பெட்டிக்குள் நெருப்பு மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது. தங்கை புடவையைப் போர்த்தினாள். "இங்க வெக்காதீங்க, வெளிய தூக்குங்க, மூச்சு முட்டுது" என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லி, இருவருமாக அவளை வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். அந்தக் கைக்கு என்னைத் தெரியவில்லை. காவடிக்காரர்கள் மேளத்தோடு தெருவில் போனார்கள். அந்தச் சத்தத்தில் அவள் மூச்சு விடுகிறாளா என்று காதில் விழவில்லை. மூக்கருகே விரலை வைத்தேன், அதிலும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவள் இருமினாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். வயதில் சிறிய அந்த டாக்டர் அம்மா முதலில் கேட்டது, "பாத்ரூம்ல கேஸ் கீசரா? ஜன்னல் மூடியிருக்கா?" என்பதுதான். அடைத்த அறைக்குள் நெருப்பு காற்றில்லாமல் எரிந்தால் வாசனையே இல்லாத ஒரு விஷவாயு வரும் என்றார். மஞ்சள் நெருப்பு, கரி, வெளியே வந்தால் தெளிகிற தலைவலி எல்லாம் அதற்கு அடையாளம், பெட்டியை அறைக்குள் மாட்டியதே தப்பு என்றார். அத்தனை நாள் நான் முகர்ந்து பார்த்தது வேறு எதையோ.

அவள் வீடு திரும்பியதும் மெக்கானிக்கை வரவழைத்தேன். மூடியைக் கழற்றினார். பர்னர் துளைகளில் தூசியும் சிலந்திக்கூடும், மேலே செப்புத் தகடுகளுக்கிடையில் கரியும் அடைத்திருந்தன.

"இது ஒண்ணும் இல்ல சார். கழுவிப் பூட்டிட்டா இன்னும் அஞ்சு வருசம் ஓடும்."

"வேணாம். கழட்டுங்க."

கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நானே எடுத்துகினு போறேன் சார். பின்னாடி தெருவுல கொழந்த பொறந்த வூடு, வெந்நீருக்குக் கேட்டுகினே கீறாங்க" என்றார்.

"அவங்க பாத்ரூம் எப்டி இருக்கும்?"

"சின்னதுதான் சார். ஜன்னல் கூடக் கிடையாது. சட்டுனு சூடேறிடும்."

உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்து வந்தேன். முதல் அடி தரையில் விழுந்தது. இரண்டாவது அடியில் பர்னர் வளைந்தது. மெக்கானிக் பின்னால் நகர்ந்து, "இன்னா சார், நல்ல பொருள்..." என்றார். செம்பை மட்டும் பழைய இரும்புக் கடையில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, வால்வு உடையும்வரை அடித்தேன். மூச்சிரைத்தது. எத்தனை அடி என்று எண்ணவில்லை.

"போதும் வுடுங்க, அது எப்பவோ செத்துப் போச்சு" என்று கூடத்துக் கட்டிலிலிருந்து என் மனைவி சொன்னாள்.

அவள் குரல்தான் அது என்று தெரிந்தும், எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.