பூட்டிய வீடுகளுக்குக் கோலம் போட்டவர்

சென்ற செவ்வாய்க்கிழமை பெர்மிஷன் போட்டுத் தாமதமாக அலுவலகம் போனேன். போய் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் எங்கள் தெருச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. "அயர்ன் அம்மா இறந்துட்டாங்க." அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நடுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "நாலு சட்டை கொடுத்திருந்தேன். இனி யாரிடம் வாங்குவது?"

அயர்ன் அம்மாவுக்குப் பெயர் உண்டு. பேச்சியம்மாள். கோச்சடையில் எங்கள் தெரு முனையில், புங்கை மரத்தடியில், பதினெட்டு வருடம் துணி தேய்த்தார். மேலக்கால் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். அதற்கு முன்பு அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். வயலெல்லாம் பிளாட் ஆனதும் கணவரோடு இந்தத் தள்ளுவண்டிக்கு வந்தார். கணவர் இறந்த மூன்றாம் வாரமே வண்டியில் மறுபடி கரி புகைந்தது. "வீட்ல இருந்தா அழுகதாண்ணே வருது. இங்கன நாலு பேரத் திட்டிக்கிட்டாவது இருப்பேன்" என்றார். சொன்னபடியே எங்களை நன்றாகத் திட்டினார்.

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். கேஸ் சிலிண்டர் வரும் நாளில் கதவு திறக்க ஆள் வேண்டும் என்று நாங்கள்தான் முதலில் அவரிடம் சாவியைக் கொடுத்தோம். அதைப் பார்த்து எதிர்வீடு கொடுத்தது. பிறகு தெருவே கொடுத்தது. இருபத்திரண்டு வீட்டுச் சாவிகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சாவியிலும் அந்தந்த வீட்டுப் பழந்துணியில் ஒரு கிழிசலை முடிந்து வைத்திருந்தார். எங்கள் சாவியில் என் மகளின் பள்ளிச் சீருடை நீலம்.

கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நிற்பார். ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை. "நாளைக்கு ஒரு கரண்டி காணாமப் போனாலும் எந்தலையிலதான்ணே விழும்" என்பார். நான் சிரித்தேன். உங்களைப் போய் யார் அப்படிச் சொல்லப்போகிறார்கள் என்று கேட்டேன்.

நாங்கள் ஊருக்குப் போகும்போது பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, ரயிலில் உட்கார்ந்ததும் படம் எடுத்துக் குழுவில் போடுவோம். அவருக்கு அது பொறுக்காது. "போறதுதான் போறீக, அத ஏன்ணே ஊருக்கெல்லாம் தண்டோரா போடுறீக?" எங்கள் வாசலில் கிடக்கும் பேப்பரையும் பால் பாக்கெட்டையும் எடுத்து வைப்பார். விடியும் முன் வந்து, பூட்டிய வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவார். சின்னக் கோலம், நாலு புள்ளி. "கோலம் இல்லாத வாசலத்தான்ணே களவாணிப்பய மொதல்ல பாப்பான்." நாங்கள் கேட்டு அவர் இதைச் செய்யவில்லை. செய்ததற்கு நாங்கள் நன்றி சொன்னதாகவும் நினைவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் தெருக்கோடி இன்ஜினியர் குடும்பம் குலதெய்வம் கும்பிடப் போயிருந்தபோது, அவர் வீட்டில் பதினோரு பவுன் போய்விட்டது. பூட்டு உடையவில்லை. விசாரிக்க வந்த காவலர், வீட்டுக்குள் வந்து போகிறவர்கள், சாவி வைத்திருப்பவர்கள் பெயரை எழுதித் தரச் சொன்னார். நான் சங்கச் செயலாளர். வெள்ளைத்தாளில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். முதல் பெயர் பேச்சியம்மாள். யாரும் இல்லாத வீட்டுக்கு அவர் கோலம் போட்டதை, வீடு பூட்டியிருப்பது அவருக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சியாக இன்ஜினியர் சொன்னார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவர் வண்டிக்கு வந்தபோது தெருவே திரண்டு போய்ச் சாவிகளைத் திரும்ப வாங்கியது. கிழிசலைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். என் முறை வந்தபோது நீலத் துணியை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டு, "நல்லாப் பாத்து வாங்கிக்கங்கண்ணே, ஒங்க சாவிதானான்னு" என்றார்.

அந்த வாரமே கூட்டம் போட்டு கேமரா வாங்கினோம். தெருவுக்குள் நுழையும் வழி இரண்டு. கேமராவோ தேய்ப்பு வண்டியைப் பார்த்து நின்றது. அப்படித் திருப்பி வைக்கச் சொன்னதும் நான்தான்.

ஒரு மாதத்தில் திருடன் யாரென்று தெரிந்துவிட்டது. இன்ஜினியரின் சொந்தத் தங்கை மகன். அவர்கள் இன்னொரு சாவியைச் செருப்பு ஸ்டாண்டில் ஒரு பழைய ஷூவுக்குள் வைப்பது சொந்தக்காரர்களுக்கெல்லாம் தெரியுமாம். குடும்ப விஷயம் என்று புகாரைத் திரும்பப் பெற்றார்கள். குழுவில், "பிரச்சினை முடிந்தது, காவல்துறைக்கு நன்றி" என்று ஒரு வரி வந்தது. எல்லோரும் கட்டைவிரல் உயர்த்தினோம்.

பேச்சியம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. அவராகவே கேள்விப்பட்டு என்னிடம் வந்தார். என் வாழ்நாளில் என்னிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான். "எல்லாரும் கூடுற கூட்டத்துல ஒரு தடவ, பேச்சி எடுக்கலன்னு சொல்லிப்புடுங்கண்ணே. எனக்கு அம்புட்டுப் போதும்."

அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். அடுத்த கூட்டத்தில் வேகத்தடைப் பிரச்சினை. அதற்கடுத்ததில் தெருநாய். பிறகு இன்ஜினியர் சங்கத் தலைவரானார். தலைவரின் மனம் நோகும் என்று விட்டுவிட்டேன். பேச்சியம்மாளும் மறுபடி கேட்கவில்லை. சட்டையை வாங்கும்போது நான் முகத்தைப் பார்க்காமல் வாங்கப் பழகிக்கொண்டேன்.

கேமராப் பதிவு என் வீட்டில் இருக்கிறது. இரண்டு வருடமாக அதை யாரும் போட்டுப் பார்த்ததில்லை. செவ்வாய் மாலை, அன்றைய பதிவை நான் பார்த்தேன்.

விடிகாலையில் பேச்சியம்மாள் வருகிறார். வண்டியின் அடியிலிருந்து கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு படத்தைவிட்டு வெளியே போகிறார். கொஞ்ச நேரத்தில் புறங்கையால் நெற்றியைத் துடைத்தபடி திரும்புகிறார். எங்கே போனார் என்று தெருவில் நடந்து பார்த்தேன். இன்ஜினியர் குடும்பம் திருமணத்துக்காகத் திருச்செந்தூர் போயிருக்கிறது. பூட்டிய கேட்டுக்கு முன்னால் நாலு புள்ளிக் கோலம் இருந்தது. சாவிதான் அவரிடம் இல்லை.

பதிவில் பத்து நாற்பதுக்கு, சட்டை கருகிவிடாமல் பெட்டியை நிமிர்த்தி வைக்கிறார். மார்பைப் பிடித்தபடி மரத்தடியில் உட்கார்ந்து சாய்கிறார். அதன்பின் ஐம்பது நிமிடம் அப்படியே இருக்கிறார். ஏழு வண்டிகள் அவரைத் தாண்டிப் போகின்றன. இரண்டாவது வண்டி என்னுடையது. அசந்து தூங்குகிறார் என்று நினைத்தேன். ஹாரன்கூட அடிக்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். முதல் பொருள் இரங்கல், ஒரு நிமிட மௌனம். இரண்டாவது, மரத்தடி இடத்தை கார் நிறுத்தப் பயன்படுத்துவது. அந்த ஒரு நிமிடத்தில் நான் மௌனமாக இருக்கப் போவதில்லை. இதை எழுந்து நின்று வாசிப்பேன்.

பேச்சியக்கா, நீங்கள் கேட்ட கூட்டம் கூடியிருக்கிறது. தலைவரும் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள்தான் இல்லை. பேச்சியம்மாள் எடுக்கவில்லை. பட்டியலில் உங்கள் பெயரை எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.