பத்துத் திருகு டிரம்

என் கணவர் இறந்த எட்டாம் மாதம் அவருடைய ஸ்நேர் டிரம்மை விற்றேன். வாங்கியவர், அவர் இருபத்தைந்து வருஷம் வாசித்த இசைக்குழுவின் தலைவர். விற்றதில் எனக்கு வருத்தமில்லை. அன்று கேட்ட பேச்சுதான் இன்னும் கசக்கிறது.

நாங்கள் வாங்கும்போதே அது பழைய டிரம். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மலேசியாவில், சிரம்பானுக்கு வெளியே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருந்தோம். அவர் பகலில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுவார், சனிக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களில் டிரம் வாசிப்பார். நான் தோட்டத்து முனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் ஏறி, கழிப்பறைக் கோப்பை செய்யும் தொழிற்சாலைக்குப் போவேன். சூளையிலிருந்து ஆறி வரும் கோப்பைகளைச் சின்ன மரச் சுத்தியால் தட்டிப் பார்ப்பது என் வேலை. நல்ல கோப்பை மணி மாதிரி நீட்டி ஒலிக்கும். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் சத்தம் பாதியில் அமுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரிந்துவிடும். இந்த வேலையை வெளியில் சொல்ல அவருக்குக் கூச்சம். யாராவது கேட்டால், "ஃபேக்டரியில குவாலிட்டி செக்" என்று நிறுத்திக்கொள்வார்.

பக்கத்து ஊரான ராசாவில், வாசிப்பை விட்டுவிட்ட ஒருவர் இரண்டு ஸ்நேர் டிரம் விற்கிறார் என்று கேள்விப்பட்டு மோட்டார் சைக்கிளில் போனோம். ஒன்று மரத்தில் செய்தது. சிவப்பு மினுக்குத் தாள் ஒட்டி, பார்க்க அழகாக இருந்தது. மற்றது பித்தளை. மேல்பூச்சு அங்கங்கே உரிந்து, வளையத்தில் துரு ஏறியிருந்தது. என் கணவர் சிவப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு தட்டுத் தட்டினார்.

"இதுவே போதும்லா," என்றார்.

நான் பின்னால் நின்றிருந்தேன். "என்னங்க, அதுல வெடிப்பு இருக்கு," என்றேன்.

விற்பவர் சிரித்தார். "தண்ணி ஏதாச்சும் குடிக்கிறியாம்மா?"

தோலைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். மனமில்லாமல்தான் கழற்றினார். உள்பக்கத்தில் ஒரு திருகுக்குக் கீழே மரம் விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. மினுக்குத் தாள் அதை வெளியே மறைத்திருந்தது. பிறகு பித்தளை டிரம்மையும் கழற்ற வைத்தேன். வெறும் உடலை விரலில் தொங்கவிட்டு மறு கை விரல் முட்டியால் தட்டினேன். ஒலி நீண்டுகொண்டே போனது. விற்பவர் வீட்டுக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன், எந்தப் பக்கமும் ஆடவில்லை. அடித்தால் சரசரக்கும் அடிப்பக்கக் கம்பிச் சுருளில் மட்டும் நாலைந்து இழை அறுந்திருந்தது. அதைப் புதிதாக மாற்றிக்கொள்ளலாம்.

என் கணவர் சிவப்பைக் கீழே வைத்தார். "நானும் இந்தப் பித்தளையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்று விற்பவரிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும், தோலை இறுக்கும் டிரம் சாவியை எடுத்துப் பத்துத் திருகுகளையும் கைபோன போக்கில் முறுக்கினார். டிரம்முக்குத் தொண்டை அடைத்த மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் எனக்கு விடுமுறை. அவர் லோரி எடுக்கப் போன பிறகு எல்லாத் திருகையும் தளர்த்தினேன். எதிரெதிர்த் திருகாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தட்டிக் கேட்டுச் சமன்படுத்தினேன். சாயங்காலம் வந்து ஒரு அடி அடித்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை டிரம்மும் சாவியும் சமையல் மேசையில் வந்து உட்கார்ந்தன. தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்து, மம்பாவுக்குக் குடிவந்த பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான்.

அந்த டிரம்மின் சத்தத்துக்கு நல்ல பெயர் வந்தது. ஒரு கல்யாணத்தில் குழுத் தலைவர் மைக்கிலேயே சொன்னார், "நம்ம டிரம்மர் காது சாமி குடுத்த காது." எல்லோரும் கை தட்டினார்கள். என் கணவர் தலையைக் குனிந்து கும்பிட்டார். நானும் கை தட்டினேன்.

அன்று வீட்டில் கேட்டேன். "நான்தான் டியூன் பண்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா சிரிப்பானுங்க. எங்க கத்துக்கிச்சுன்னு கேப்பானுங்க. நான் என்ன சொல்றது? புருஷன் பொண்டாட்டிக்குள்ள உன் காது, என் காதுன்னு என்ன இருக்கு?"

இருந்தும் அடுத்த வாரமும் உட்கார்ந்து டியூன் செய்தேன். அவர் மேல் உள்ள கோபத்தைவிட, அப்படிச் செய்த என் மேல் உள்ள கோபம்தான் பெரிது.

கடைசி வருஷம் அவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. டயாலிசிஸ் முடிந்து படுத்துக் கிடந்த நாட்களிலாவது யாரிடமாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பார்க்க வந்தவர்கள் அவர் காதைப் பற்றிப் பேசினார்கள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டிரம்மை வாங்கக் குழுத் தலைவர் ஒரு ஞாயிறு காலை வந்தார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் வருவதற்கு முன் டிரம்மைத் துடைத்து, பத்துத் திருகையும் சரி பார்த்து வைத்திருந்தேன். அவர் காந்தம் ஒன்றை எடுத்து உடலில் வைத்தார். ஒட்டவில்லை. "அசல் பித்தளை," என்று தலையாட்டினார். டார்ச் அடித்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தார். கம்பிச் சுருளை இழுக்கும் கைப்பிடியை ஏற்றி இறக்கினார். பிறகு குச்சியால் நடுவில் ஒரு அடி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவன் வச்ச மாதிரியே இருக்கு, தங்கச்சி. இந்த டியூனிங்க நான் தொடவே மாட்டேன். அவன் ஞாபகமா அப்படியே இருக்கட்டும்."

"காலையிலதான் நான் பண்ணேன், அண்ணே," என்றேன்.

"தொடச்சு வச்சிருக்கீங்க, தெரியுது."

"தொடைச்சதச் சொல்லல. டியூன் பண்ணேன். எப்பவும் நான்தான் பண்ணுவேன்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். துக்கத்தில் எதையோ பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். நான் சாவியை எடுத்து ஒரு திருகைத் தளர்த்தினேன். "இப்ப அடிங்க." அடித்தார். சத்தம் கோணிப் போனது. மறுபடி முறுக்கி, தட்டிப் பார்த்து, பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். "இப்ப." அடித்தார். டிரம்மையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

"பரவாயில்ல," என்றார். "நல்லாத்தான் கத்துக் குடுத்திருக்கான் உங்களுக்கு."

நான் சாவியைப் போட்டு ஒவ்வொரு திருகாகத் தளர்த்தினேன். பத்தும். தோல் தொளதொளவென்று ஆனது.

"ஏன் தங்கச்சி?"

"கொண்டு போங்க, அண்ணே. உங்க ஆளுங்க யாராச்சும் டியூன் பண்ணிக்குவாங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் டிரம்மை விடவில்லை, எடுத்துக்கொண்டு போனார். அவர் கார் திரும்பும் வரை வாசலில் நின்றேன். ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

இரண்டு மாதம் கழித்து பாரோயில் ஒரு கல்யாணம். மேடையில் அந்தக் குழுதான். புது டிரம்மர் அந்தப் பித்தளை டிரம்மை அடித்துக்கொண்டிருந்தார். தகர டப்பா மாதிரி இருந்தது. பாட்டுக்குப் பாட்டு சாவியும் கையுமாக அதோடு மல்லுக்கட்டினார். அண்ணன் என்னைப் பார்த்தார், உடனே கீபோர்டில் குனிந்துகொண்டார். எழுந்து போய் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம். நான் எழுந்திருக்கவில்லை.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எங்கள் பழைய தோட்டத்தில் இருந்த ஒரு அக்கா, என் கையைத் தொட்டார். "உங்க வீட்டுக்காரரு போனதோட அந்தச் சத்தமும் போச்சும்மா. அந்தக் காது இனி யாருக்கு வரும்?"

"ஆமாங்க்கா," என்று சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைந்தேன்.